ஒரே காலையில் நான்கு எண்கள்: எதை நம்புவது?

கேள்வி:

என் வீட்டுக்காரருக்கு வயது 64. சர்க்கரை நோய் வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு முன்பு ஒவ்வொன்று எடுத்துக்கொள்கிறார். தீபாவளிக்கு வந்த மகன் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கித் தந்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. சில வாரங்கள் ஒரு நாளைக்கு ஐந்து முறை குத்திப் பார்க்கிறார். பிறகு சலித்துப்போய் ஒரு மாதம் தொடுவதே இல்லை. சென்ற மாதம் வெறும் வயிற்றில் லேபில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்து, காப்பிகூடக் குடிக்காமல் உடனே மூன்று விரல்களில் சோதித்தார். 148, 137, 156 என்று மூன்று விதமாகக் காட்டியது. மாலையில் வந்த லேப் அறிக்கையில் 129 இருந்தது. ஹெச்பிஏ1சி 8.1. லேபுக்குப் போவதற்கு முந்தைய நாள் சோற்றைக் குறைத்துக்கொள்வது அவர் வழக்கம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் ஒரு நாள் காலை பத்தரை மணிக்குப் பார்த்தபோது 238 காட்டியது. அந்தப் பெண்ணுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்கு முன் 236 இருந்ததால் ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு இரண்டு இட்லியோடு படுத்துவிட்டார். நள்ளிரவு இரண்டு மணிக்கு வியர்த்து நனைந்து, கை நடுங்கியது. பார்த்தால் 58. பிஸ்கட் கொடுத்தேன், சரியாகிவிட்டது. கருவியை நம்பலாமா? லேபை நம்புவதா? ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும்? கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வாங்கித் தரட்டுமா என்று மகன் கேட்கிறான், வாங்கலாமா?

வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியாகக் கேட்காமல், நடந்து முடிந்த செய்தியைப் போல எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த நள்ளிரவைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் உள்ள எண்களில் என்னைக் கவலைப்பட வைத்தது 238 அல்ல, 236 அல்ல. அந்த 58தான்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மனிதர் சாப்பிட்டாரா பட்டினியா என்றெல்லாம் பார்த்து அது வேலை செய்வதில்லை. வயிற்றுக்குள் போனதும் தொடங்கிவிடும், ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க அதன் வேலை நீடிக்கும். 236 என்று கண்ட பதற்றத்தில் உங்கள் கணவர் மருந்தை இரட்டிப்பாக்கினார், உணவைப் பாதியாக்கினார். இரண்டில் ஒன்றைச் செய்திருந்தாலே சர்க்கரை தாழ்ந்திருக்கும். அதோடு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்த்த அந்த எண், மாலையில் காப்பியோடு சாப்பிட்ட பலகாரத்தின் எச்சமாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் அது அன்றிரவே தானாக இறங்கியிருக்கும். ஒரு தனி எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது மருத்துவரின் அதிகாரத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அல்ல. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு எண்ணைப் பார்த்து அளவை மாற்றும் முறையை நாங்களே எழுதித் தருகிறோம். மாத்திரைக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

70க்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் பேச்சு குழறும், நினைவு தப்பும், வலிப்புகூட வரலாம். உங்கள் கணவர் அந்த எல்லைக்கு நான்கு எண் மேலே நின்றார். நீங்கள் விழித்துக்கொண்டதும், கருவியை எடுத்துப் பார்த்ததும் அன்று நடந்த நல்ல காரியங்கள். ஆனால் பிஸ்கட் சரியான தேர்வு அல்ல. மாவும் கொழுப்பும் சேர்ந்த பண்டம் செரித்து இரத்தத்தில் கலக்க நேரமாகும், சாக்லேட்டும் அப்படித்தான். அந்த நேரத்தில் வேண்டியது வெறும் சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை, அல்லது அதே அளவு குளுக்கோஸ் பவுடரை, அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். அது ஏறத்தாழ 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் குத்திப் பாருங்கள். இன்னமும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு இட்லியோ, பாலோடு ஒரு வாழைப்பழமோ கட்டாயம் சாப்பிட வேண்டும், ஏனென்றால் மாத்திரை இன்னும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஏறிய சர்க்கரையை அது இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி இழுத்து இறக்கக்கூடும். ஆகவே ஒரு மணி நேரம் கழித்தும், விடிவதற்குள் இன்னொரு முறையும் பார்த்துவிடுங்கள். மறுபடி இறங்கினால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், மருத்துவமனையில் ஒரு நாள் கண்காணிப்பில் இருக்கட்டும். விழுங்க முடியாத அளவுக்கு மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் இரத்த அழுத்தத்துக்கு அட்டனலால், மெட்டப்ரலால் போன்ற மாத்திரை ஏதும் எடுத்துக்கொள்கிறாரா என்று உறையைப் பாருங்கள். அவை தாழ்சர்க்கரையில் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. அப்படியிருந்தால் காரணமில்லாமல் வியர்ப்பதே உங்களுக்கு அடையாளம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 148, 137, 156, பிறகு லேபில் 129. நான்கில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். நான்குமே ஓரளவு உண்மை என்றால் மழுப்புவதாக நினைப்பீர்கள், அதனால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். குளுக்கோமீட்டர்களுக்கென்று 2013இல் திருத்தி வெளியிடப்பட்ட பன்னாட்டுத் தர விதி ஒன்று உண்டு. லேப் அளவு 100க்கு மேல் இருக்கும்போது கருவி காட்டும் எண் அதிலிருந்து 15 விழுக்காடு வரை ஏறியோ இறங்கியோ இருக்கலாம், 100க்குக் கீழே என்றால் 15 எண்கள் வரை விலகலாம், நூறு சோதனைகளில் 95 இந்த வரம்புக்குள் வந்தால் போதும் என்பது அதன் சாரம். 129இல் 15 விழுக்காடு 19. ஆக 110 முதல் 148 வரை எது வந்தாலும் கருவி தன் தகுதிக்குள்தான் இருக்கிறது. 137 தாராளமாக உள்ளே, 148 விளிம்பில். 156 மட்டும் வெளியே.

ஆனால் 129ஐயும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரில் காலையில் எடுத்த இரத்தத்துக்கு மாலையில்தான் அறிக்கை வந்தது என்றால், அந்தக் குழாய் எங்கோ சில மணி நேரம் காத்திருந்திருக்கலாம். குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை தம்மைச் சுற்றியுள்ள சர்க்கரையை மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை தின்றுகொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் சர்க்கரைச் சோதனைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட, ஃபுளூரைடு கலந்த குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஃபுளூரைடும் முழுமையாக வேலை செய்யத் தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கிறது. எனவே இரத்தம் கொடுத்த நிமிடத்தில் உங்கள் கணவரின் உடலில் இருந்த சர்க்கரை 129ஐ விடச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படிப் பார்த்தால் கருவிக்கும் லேபுக்கும் இடையே நீங்கள் கண்ட சண்டை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நான் மருத்துவம் படித்த நாட்களில் வீட்டில் சர்க்கரை பார்ப்பது என்றால் சிறுநீரில்தான். நீல நிறமான பெனடிக்ட் கரைசல் 5 மில்லியைச் சோதனைக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று மாறுவதைக் கொண்டு சர்க்கரை எவ்வளவு என்று ஊகிப்போம். இரத்தத்தில் ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும் என்பதால், நீலம் மாறாமல் இருந்தால் அது 170ஆகவும் இருக்கலாம், 40ஆகவும் இருக்கலாம். அன்று உங்கள் கணவருக்கு இந்த 58 வந்திருந்தால் குழாய் அழகான நீலமாக இருந்திருக்கும், நீங்களும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பார்த்தவன் என்பதால், 19 எண் வேறுபாட்டுக்காக ஒரு கருவியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கருவியை முறையாகச் சரிபார்க்க விரும்பினால் அடுத்த முறை லேபுக்குப் போகும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றில், நரம்பில் இரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், கழுவித் துடைத்த விரலில் ஒரே ஒரு முறை சோதித்து எழுதி வையுங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிட வேண்டாம். அப்போது விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை நரம்பில் இருப்பதைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும், வெறும் வயிற்றில்தான் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. அவருடைய ஹீமோகுளோபின் அளவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இரத்தச் சோகை இருப்பவர்களுக்கு மீட்டர் கூட்டிக் காட்டும். மூன்று விரல்களில் அடுத்தடுத்துக் குத்துவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று எண்கள் கையில் இருந்தால் மனிதர்கள் பிடித்த எண்ணை எடுத்துக்கொள்வார்கள், பிடிக்காத இரண்டையும் கருவியின் தலையில் கட்டிவிடுவார்கள்.

அந்த 156 எப்படி வந்திருக்கும் என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை விரலில் ஒட்டியிருப்பதுதான் இத்தகைய தவறுகளில் நான் அதிகம் கண்டது. ஒரு கோடையில் என்னிடம் வரும் ஓர் அம்மாள் 312 என்று எழுதிய சீட்டோடு அழுதுகொண்டே வந்தார். வழக்கமாக 150ஐத் தாண்டாதவர். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்ததோடு சரி, தான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை என்றார். என் அறையிலேயே குழாயடியில் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்தினோம். 141. 2011இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதையே ஆரஞ்சு, திராட்சை, கிவிப் பழங்களைக் கொண்டு சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். பழம் தொட்ட விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் பொய்யான அளவு மாறவில்லை, தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான அளவு வந்தது. ஆகவே ஸ்பிரிட் பஞ்சு வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும். கழுவிய கையை நன்றாகத் துடைக்கவும் வேண்டும், ஈரம் மிச்சமிருந்தால் இரத்தத் துளி நீர்த்து எண் குறைந்துவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் விரலுக்கு இரத்தம் ஓடிவரும். கையைத் தொங்கவிட்டு ஓர் அரை நிமிடம் இருந்துவிட்டு, மோதிர விரல் அல்லது நடுவிரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். நுனியின் நடுவில் குத்தினால்தான் வலி அதிகம், மறுநாள் சோறு பிசையும்போதும் அந்த இடம் உறுத்தும். துளி வராவிட்டால் விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாக நீவிவிடலாம். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல நுனியை நசுக்கினால் இரத்தத்தோடு திசுநீரும் கலந்து வரும், அளவு மாறும். ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுவது நல்லது. உங்களுக்கும் சோதித்துப் பார்க்கும் ஆசை வந்தால் அவருடைய ஊசியைத் தொடாதீர்கள், மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைட்டிஸ் பி கிருமி அப்படிப் பரவக்கூடியது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், குப்பையில் அப்படியே எறிந்தால் அதைப் பிரிப்பவரின் கையில் ஏறும்.

ஸ்டிரிப் டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அடுப்படி அலமாரியில் என்றால் இன்றே மாற்றுங்கள். அந்த மெல்லிய பட்டையின் நுனியில் பூசப்பட்டிருப்பது ஒரு நொதி. சூடும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். நிழலான ஓர் அலமாரியில், கம்பெனி கொடுத்த டப்பாவிலேயே இருக்கட்டும். பட்டையை எடுத்த அந்த நொடியே மூடிவிட வேண்டும். உங்கள் பக்கத்துச் சாரல் மாதங்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். திறந்த டப்பா எத்தனை மாதம் தாங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். திறந்த தேதியை மூடியிலேயே எழுதி வையுங்கள். ஒரு மாதம் சலித்துப்போய் டப்பாவைத் தொடாமல் இருந்துவிட்டு, மறுபடி எடுத்து ஐந்து முறை குத்தும் உங்கள் கணவருக்கு இந்தத் தேதி மிகவும் தேவை. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கி வரும் கருவி என்றால் இன்னொரு குழப்பமும் உண்டு. சிங்கப்பூர், மலேசியக் கருவிகள் 7.2 என்பதுபோலக் காட்டும். அதை 18ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வந்துவிடும், 130.

இப்போது 8.1க்கு வருவோம். என் கணிப்பில் உங்கள் வீட்டுப் பிரச்சினையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எவ்வளவு ஓடியது என்பதன் தடம். முந்தைய நாள் சோற்றைக் குறைத்தால் மறுநாள் காலை எண் குறையும், இந்தத் தடம் அழியாது. 8.1 என்பது சராசரியாக ஏறத்தாழ 186க்குச் சமம். சற்று யோசித்துப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் 130க்கும் 150க்கும் நடுவே இருக்கும் ஒருவருக்குச் சராசரி 186 வருகிறது என்றால், நாளின் வேறு ஏதோ நேரத்தில் சர்க்கரை 200ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருக்க வேண்டும். அது எந்த நேரம் என்பதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காலை எட்டரை மணிபோலச் சாப்பிட்டிருந்தால், பத்தரை மணிக்கு வந்த 238 சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த, மிகச் சரியான நேரத்து அளவு. அந்தச் சுகாதாரத் தன்னார்வலர் தெரியாமல் பார்த்துவிடவில்லை. உங்கள் வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த முறை அவர் வரும்போது ஒரு டம்ளர் மோர் கொடுத்து, எழுதியிருக்கும் பழைய அளவுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

(இரும்புச் சத்துக் குறைவால் சோகை வந்தவர்களுக்கு ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அதை நம்பவே முடியாது. ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.)

ஒரு நாளைக்கு எத்தனை முறை என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பல வேளை இன்சுலின் போடுகிறவர் நாளுக்கு நான்கு முறையாவது பார்த்தாக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்து, அளவு நிலையாக இருப்பவருக்கு அன்றாடச் சோதனையால் பெரிய பலன் இல்லை. அமெரிக்காவின் வட கரோலைனாவில் இன்சுலின் போடாத 450 பேரை ஓராண்டு கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒரு முறை குத்திப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் ஆண்டு முடிவில் ஹெச்பிஏ1சியில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. இதைப் படித்துவிட்டுக் கருவியைத் தூக்கிப் பரணில் போட்டவர்களும் உண்டு. நான் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. எண்ணைப் பார்ப்பதால் சர்க்கரை குறையாது. எண்ணைக் கொண்டு தட்டில் இருப்பதையோ, நடையையோ, மருத்துவர் தரும் மருந்தையோ மாற்றினால்தான் குறையும். உங்கள் கணவர் ஒரு நாளைக்கு ஐந்து முறை பார்த்தால் மாதத்துக்கு 150 ஸ்டிரிப்புகள் தீரும். அந்த 150இல் ஒன்றுகூடக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வழக்கமான வாரங்களில் வெறும் வயிற்றில் இரண்டு முறை போதும். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் மட்டும் இணை இணையாகப் பாருங்கள். திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி கழித்து ஒன்று. புதன்கிழமை மதியத்துக்கு அதேபோல் இரண்டு, வெள்ளிக்கிழமை இரவுக்கு இரண்டு. வாரத்துக்கு ஆறே ஸ்டிரிப்புகள். பக்கத்தில் என்ன சாப்பிட்டார் என்பதை அளவோடு எழுதுங்கள், "டிபன்" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. "இட்லி மூன்று, சாம்பார் ஒரு கரண்டி", "பொங்கல் ஒரு தட்டு, வடை ஒன்று" என்று எழுதினால் புரியும். முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு 50க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு அவருக்கு ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 100 ஏறினால் அதே சாப்பாட்டை அடுத்த வாரம் அளவு குறைத்து, காயும் பயறும் கூட்டி, சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். சோற்றை நிறுத்து என்று மருத்துவர் நூறு முறை சொல்வதைவிட, தன் சொந்தக் கையால் எழுதிய 110, 224 என்ற இரண்டு எண்கள் ஒரு மனிதரிடம் அதிகம் பேசுவதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

பொதுவாக நாங்கள் எதிர்பார்ப்பது வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180க்குள். பதினொரு ஆண்டுகள் நோயோடு இருந்து, தாழ்சர்க்கரையும் ஒரு முறை வந்துவிட்ட 64 வயதுக்காரருக்கு அவருடைய மருத்துவர் இந்த இலக்கைச் சற்றுத் தளர்த்தவும் கூடும். காலையில் மட்டும் எண் விளக்கமில்லாமல் ஏறியிருக்கும் நாட்களைப் பற்றியும் ஒரு சொல். விடியற்காலையில் உடல் விழிப்புக்குத் தயாராகும்போது கல்லீரல் தானே சர்க்கரையை இரத்தத்தில் விடும், முந்தைய இரவு எதுவும் சாப்பிடாவிட்டாலும் இது நடக்கும். "ராத்திரி பட்டினி கிடந்தும் காலையில் 150 காட்டுகிறதே" என்று கருவியைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அட்டவணைக்கு வெளியே பார்க்க வேண்டிய நேரங்களும் உண்டு. வியர்வை, நடுக்கம், காரணமில்லாத எரிச்சல், திடீர்ப் பசி வந்தால் உடனே பார்க்க வேண்டும். அவர் இருசக்கர வண்டியில் தூரமாகப் போவதற்கு முன் பார்க்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் நான்கைந்து மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். சாப்பிட முடியாத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நாள் வந்த பிறகு தொலைபேசியில் தேட வேண்டாம். இரண்டு முறை பார்த்தும் 300க்கு மேலேயே நின்று, கூடவே வாந்தியோ மிகுந்த சோர்வோ மயக்கமோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சென்சார் விஷயத்தில் உங்கள் மகனின் எண்ணம் நல்லது, ஆனால் அவசரம் இல்லை. மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் அந்த வட்டு பெரும்பாலும் 14 நாள் வேலை செய்யும். அது அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசுநீரை. அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். தாழ்சர்க்கரையின் அடையாளம் தெரிந்தால் அப்போதும் விரலைக் குத்தி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு யாரும் விழித்துப் பார்க்காத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. அந்த 58 தனி நிகழ்வா, இதற்கு முன்பும் உங்களுக்குத் தெரியாமல் வந்து போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சென்சாரை, ஒரு முறை, மருத்துவரின் மேற்பார்வையில் போட்டுப் பார்ப்பது பயனுள்ள செலவுதான். அதை மாதாமாதம் வாங்க வேண்டிய தேவை அவருக்கு இப்போது இருப்பதாக எனக்குப் படவில்லை. அதோடு, ஐந்து முறை பார்த்தே தூக்கத்தைத் தொலைத்தவருக்கு நாள் முழுதும் ஓடும் கோட்டைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

குறிப்பேட்டைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய இரவு உட்கார்ந்து மூன்று மாதக் கணக்கை ஒரே மையில் எழுதி வருகிறவர்களை எங்களுக்குத் தெரியும். எல்லா எண்ணும் 120, 130, 140 என்று பூஜ்யத்தில் முடியும், ஒரு பக்கத்திலும் குழம்புக் கறை இருக்காது. நாங்கள் சிரித்துக்கொண்டே மீட்டரின் நினைவகத்தைத் தட்டிப் பார்ப்போம். மீட்டரில் தேதியும் நேரமும் சரியாக வைத்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், தவறாக இருந்தால் சாப்பாட்டுக்கு முன் எது பின் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அடுத்த முறை போகும்போது குறிப்பேடு, மீட்டர், மாத்திரை உறைகள் மூன்றையும் ஒரே பையில் போட்டு நீங்களும் கூடவே போங்கள். 58 வந்த இரவைத் தேதியோடும், கூடுதலாகப் போட்ட மாத்திரையோடும் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியேட்டினின் பார்த்து, இரவு மாத்திரையைக் குறைப்பதா மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்வதற்கு அந்த ஒரு வரி தேவை. உங்கள் கணவர் அதைச் சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள், அடுத்த முறை மாத்திரை தீரும் வரை காத்திருக்காமல் இந்த வாரத்திலேயே சொல்லுங்கள்.